பழைய சாகசப் படத்தில் யாருக்குப் பெயர், யாருக்குப் பேச்சு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சாகசப் படங்களைப் போட்டுப் பார்த்து, முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிற ஒரு சின்னக் கூட்டத்தைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். விளக்கைப் போட்டதும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்கிற ஆள்தான் மாறுகிறார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டாமே என்று இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

பிரதிநிதித்துவம்னு பெரிய வார்த்தையா சொல்றீங்களே, அப்படின்னா என்ன?

ஒரு படத்தில் யார் யார் வருகிறார்கள், வருகிறவர்கள் என்னவாக வருகிறார்கள் என்பதுதான். இதில் இரண்டாவது பாதிதான் முக்கியம். திரையில் ஐந்நூறு பேர் நிற்கலாம். அத்தனை பேரும் கதாநாயகன் போகிற வண்டிக்குப் பின்னால் ஓடுவதற்காக மட்டுமே நிற்கிறார்கள் என்றால், அது வெறும் கூட்டம்.

நான் இன்னொரு விதமாகவும் கேட்டுப் பார்ப்பேன். திரையில் காட்டப்படும் இந்த மக்களும் ஒருநாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து இதே படத்தைப் பார்ப்பார்கள் என்று, எடுத்தவர்களுக்குத் தோன்றியிருக்குமா? பல பழைய படங்களில் தோன்றவே இல்லை என்பது அப்பட்டமாகத் தெரியும்.

எல்லா வகைப் படத்துலயும் இது இருக்குமே, ஏன் சாகசப் படத்தைக் குறிவைக்கிறீங்க?

கதையின் அமைப்பு அப்படி. ஒருவன் வீட்டைவிட்டுக் கிளம்பி, முன்பின் தெரியாத இடத்துக்குப் போகிறான். அவனுக்குத்தான் அது தெரியாத இடம். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஊர். ஆனால் கதை அவன் தோளில் ஏறிக்கொண்டு போவதால், அந்த ஊரும் ஜனங்களும் ஆறு, மலை, முதலை வரிசையில் தாண்ட வேண்டிய தடைகளாகிவிடுகிறார்கள். 1933இல் வந்த ‘கிங் காங்’ படத்தின் தீவுவாசிகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் குரங்கின் முகத்தில் வருகிற உணர்ச்சியில் பாதிகூட அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

சும்மா பொதுவா பேசாம ஒரு படத்தை வெச்சுச் சொல்லுங்களேன்?

சரி, ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’. 1984இல் வந்தது. ஜார்ஜ் லூகாஸ் கதை, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கம். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கம்: ஆண்டு 1935. ஷாங்காயிலிருந்து தப்பி வரும் தொல்லியல் பேராசிரியர் ஜோன்ஸ் (ஹாரிசன் ஃபோர்ட்), பாடகி வில்லி (கேட் கேப்ஷா), சார்ட் ரவுண்ட் என்ற சீனச் சிறுவன் மூவரும் விமானம் விழுந்து வட இந்தியாவில் ஒரு கிராமத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஊரின் புனிதக் கல்லையும் பிள்ளைகளையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். தேடிப்போனால், பாங்காட் அரண்மனைக்கு அடியில் காளியின் பெயரால் நரபலி கொடுக்கும் ‘தக்கர்’ என்ற கும்பல். சுரங்கத்தில் அடிமைகளாகப் பிள்ளைகள். மீட்டுக்கொண்டு வருகிறார்கள்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதில் கெட்டதும் நல்லதும் பின்னிக் கிடக்கின்றன. முழுக்க மோசமான படத்தை அலசுவதில் சுவாரசியம் இல்லை.

எங்கிருந்து ஆரம்பிக்கணும்? எத்தனை பேர் வெள்ளைக்காரங்க, எத்தனை பேர் இல்லைன்னு எண்ணணுமா?

எண்ணலாம், தப்பில்லை. ஆனால் எண்ணிக்கை இந்தப் படத்தில் ஏமாற்றிவிடும். திரை முழுக்க ஆசிய முகங்கள்தான். நான் ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்வேன்: பெயர், பேச்சு, முடிவு. இந்தப் பாத்திரத்துக்குப் பெயர் இருக்கிறதா? கதாநாயகன் இல்லாத நேரத்தில் இவர்கள் தங்களுக்குள் ஏதாவது பேசிக்கொள்கிறார்களா? இவர்கள் எடுக்கும் ஏதாவது ஒரு முடிவால் கதை திரும்புகிறதா?

நிரப்பிப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. நம் நினைவில் நிற்கும் பெயரோடு வரும் இந்தியர்கள் மூன்று பேர்: பூசாரி மோலா ராம், திவான் சத்தர் லால், சிறுவன் மகாராஜா ஜாலிம் சிங். மூவருமே எதிர்ப்பக்கம். ராஜா பையன் மட்டும் மயக்கத்தில் இருக்கிறான், பிறகு தெளிகிறான். நல்லவர்களான கிராமத்தாரில் ஒருவர் பெயரும் மனதில் தங்குவதில்லை. ஆக, இந்தப் படத்தில் இந்தியருக்குப் பெயர் வேண்டுமென்றால் கெட்டவராக இருந்தாக வேண்டும். யாரும் உட்கார்ந்து இப்படித் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். திட்டம் போடாமலே இப்படி வந்து நிற்பதுதான் கவனிக்க வேண்டியது.

பெக்டெல் டெஸ்ட்ல பாஸான்னு பார்த்தா போதாதா?

அது 1985இல் அலிசன் பெக்டெல் வரைந்த ஒரு சித்திரக்கதைத் துண்டிலிருந்து வந்தது. படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், இருவரும் ஒருவரோடொருவர் பேச வேண்டும், பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. கேலியாகத் தொடங்கியது, பின்னாளில் அளவுகோல் ஆகிவிட்டது.

ஒரு படத்தைத் தனியாக எடைபோட அது அவ்வளவு உதவாது. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ (1962) ஏறக்குறைய மூன்றே முக்கால் மணி நேரம் ஓடுகிறது, வசனம் பேசும் பெண் ஒருத்தி கிடையாது. அது தோற்றுவிட்டது என்று சொல்ல டெஸ்ட் எதற்கு? நூறு படங்களை வரிசையாக நிறுத்தி, இத்தனை தேறவில்லை என்று பார்க்கும்போதுதான் அதற்கு மதிப்பு. நம் படத்தில் வில்லி பேசுவதற்குப் பெயர் சொல்லும்படி இன்னொரு பெண்ணே இல்லை.

அந்த விருந்துக் காட்சி வெறும் ஜோக்தானே? அதுக்குப் போய் ஏன் கோபப்படணும்?

கோபப்பட வேண்டாம், நிதானமாக ஒருமுறை பார்க்கலாம். அரண்மனையில் நீள மேசை. பெரிய பாம்பின் வயிற்றைக் கீறுகிறார்கள், உள்ளேயிருந்து குட்டிகள் உயிரோடு நெளிந்துகொண்டு வருகின்றன. அப்புறம் பெரிய பெரிய வண்டுகள். பக்கத்தில் இருப்பவர் ஓட்டை உடைத்து உறிஞ்சுகிறார். பசி தாங்காத வில்லி, எளிமையாக ஒரு சூப் கிடைக்குமா என்கிறாள். மூடியைத் திறந்தால் கண்கள் மிதக்கின்றன. கடைசியில் குளிரவைத்த குரங்கு மூளை.

இப்போது கேமராவைக் கவனியுங்கள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் பிறகு அது வில்லியின் முகத்துக்குத் திரும்புகிறது. சிரிப்பு வருவது அவளோடு சேர்ந்து அருவருக்கும்போதுதான். அதாவது, பார்ப்பவர் வில்லி பக்கத்து நாற்காலியில் இருக்கிறார், எதிர் நாற்காலியில் இல்லை என்று படம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. முதல் கேள்வியில் டிக்கெட் வாங்கி வருபவரைப் பற்றிச் சொன்னேனே, அவர் இங்கேதான் வெளியே தள்ளப்படுகிறார். இந்தியாவையே பார்க்காத பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு இந்தியச் சாப்பாட்டைப் பற்றிய முதல் படிப்பினை இந்த மேசைதான்.

சத்தர் லாலாக நடித்த ரோஷன் சேத் பின்னாளில் வேறு விளக்கம் சொன்னார்: இந்தியர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று மேற்கத்தியர் நினைப்பதை வைத்து இந்தியர்களே விளையாடுவதாகத்தான் அந்தக் காட்சி யோசிக்கப்பட்டது, அது எடுபடவில்லை என்று. இருக்கலாம். ஆனால் அப்படிப் புரிந்துகொள்ள ஒரே ஓர் இந்திய முகத்தின் குறும்புச் சிரிப்பையாவது காட்டியிருக்க வேண்டும்.

அப்ப அந்தக் காட்சில நல்லதா எதுவுமே இல்லையா?

இருக்கிறது, மேசையின் மறுகோடியில். எல்லாரும் பாம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சத்தர் லால் ஜோன்ஸிடம் பேசுகிறார். நீங்கள் கல்லறைத் திருடர் என்றல்லவா ஒரு பேச்சு இருக்கிறது என்பதை மிக நாகரிகமாக எடுத்துவைக்கிறார். பழம்பொருட்களை நாடு நாடாகப் போய் எடுத்துவரும் ஒரு நாயகனிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அது. படத்திலேயே கெட்டிக்காரத்தனமான பேச்சு ஓர் இந்தியருக்குக் கிடைத்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் அவரும் நரபலிக் கும்பல் என்று தெரிந்துவிடுகிறது. கேள்வி கேட்டவன் கெட்டவன் ஆனதும் கேள்வியும் கெட்டுப்போகிறது. எனக்கு விருந்தைவிட இதுதான் உறுத்தும்.

வில்லனா நடிச்சது நம்ம ஆளுதானே, அப்புறம் என்ன குறை?

அம்ரீஷ் புரி. ‘தளபதி’ கலிவர்தனை மறக்க முடியுமா? மோலா ராமுக்காகத் தலையை மழித்தவர் பிறகு அந்த மொட்டைத் தலையையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். அவரும் ரோஷன் சேத்தும் 1982இல் வந்த ‘காந்தி’யிலும் உண்டு, சேத்துக்கு அதில் நேரு வேடம். அப்படிப்பட்ட இருவரையும் கூப்பிட்டு வந்தது உண்மையிலேயே ஒரு முன்னேற்றம்.

எவ்வளவு முன்னேற்றம் என்று தெரிய, 1939இல் வந்த ‘கங்கா தின்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் இதே காளி, இதே தக்கர் கொள்ளையர். படப்பிடிப்பு கலிபோர்னியாவில். தண்ணீர் சுமக்கும் கங்கா தின்னாக உடம்பில் சாயம் பூசிக்கொண்டு நடித்தவர் நியூயார்க்கில் பிறந்த சாம் ஜாஃபி. ஐம்பது ஆண்டுக்குள் சாயம் போய் உண்மையான முகம் வந்துவிட்டது. எழுத்து மட்டும் அங்கேயே நின்றது.

வெள்ளைக்காரர் வேஷம் கட்டினா எல்லாமே மோசமா? ‘லாரன்ஸ்’ நல்ல படம்தானே?

நல்ல படம்தான். அதில் அரபு இளவரசர் ஃபைசலாக ஆங்கிலேயர் அலெக் கின்னஸ், அரபுப் பழங்குடித் தலைவர் அவுதாவாக மெக்சிகோவில் பிறந்த அந்தோணி குவின். அதே படத்தில் எகிப்தியரான ஓமர் ஷரீஃப் பாலைவனத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றி, ஒட்டகத்தில் நெருங்கி நெருங்கி வருவார். அந்த நுழைவுக்குப் பிறகு, ஏற்ற நடிகர் கிடைக்கவில்லை என்ற சாக்கு எடுபடாது.

நம் பக்கத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் கூட்டுத் தயாரிப்பாக 1952இல் ‘த ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படம் வந்தது. எடுத்தது இந்திய மண்ணில்; இந்திய இளவரசியாக நடித்தது அமெரிக்க நடிகை மேரி வின்ட்சர்.

கிராமத்து ஜனங்க பேசுறது இந்தி மாதிரி இல்லையே, என்ன மொழி அது?

சிங்களம். இதை முதலில் கண்டுபிடித்துச் சொல்பவர் எப்போதும் இலங்கையிலிருந்து வந்தவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் ஏதோ வடநாட்டு மொழி என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். இந்தியாவில் படமெடுக்கக் கேட்டபோது, திரைக்கதை புண்படுத்துகிறது, மாற்றுங்கள் என்று அரசு சொன்னது. படக்குழு கண்டிப் பக்கம் போய்விட்டது. கிராமத்துப் பெரியவராக வருபவர் சிங்களத் திரையுலகில் பேர்பெற்ற டி. ஆர். நாணயக்கார.

இடம் மாறியதில் தப்பில்லை, சினிமாவில் அது சகஜம். ஆனால் மொழியைக்கூட மாற்றாமல் விட்டார்கள் என்றால், இதைப் புரிந்துகொள்ளும் காது அரங்கத்தில் இருக்காது என்று நம்பினார்கள் என்றுதான் அர்த்தம். பழைய படங்களில் உள்ளூர்க்காரர் பேச்சுக்குச் சப்டைட்டில் இருக்கிறதா, மொழி சரியானதா, இல்லை வாய்க்கு வந்த உளறலா என்று பாருங்கள். இந்த ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

தக்கர்கள் நிஜமாவே இருந்தாங்கதானே? அப்ப படம் சொல்றது சரித்திரம்தானே?

வழிப்போக்கர்களோடு நட்பாகச் சேர்ந்து, துணியால் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்தவர்களைப் பற்றிய பதிவுகள் உண்டு. 1830களில் ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி அவர்களை ஒடுக்கினார். அந்தப் பதிவுகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு காலனி அரசின் பயமும் மிகைப்படுத்தலும் என்று சரித்திரக்காரர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். படம் நடப்பது அதற்கு நூறு வருடம் கழித்து.

நெஞ்சுக்குள் கையை விட்டு இதயத்தைப் பிடுங்குவதெல்லாம் தக்கர் கதைகளில் இல்லை. அது பழைய மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் கொடுத்த பலிகளைப் பற்றிய கதைகளை நினைவூட்டுகிறது. (பொம்மையில் ஊசி குத்துவதை விட்டுவிடலாம், பில்லி சூனியக் கதை நமக்கும் புதிதில்லை.) கடைசியில் ஜோன்ஸ், சிவனுக்குத் துரோகம் செய்துவிட்டாய் என்று மோலா ராமைப் பார்த்துக் கத்துகிறார். சிவன் நல்ல கட்சி, காளி கெட்ட கட்சி! காளியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வீட்டில் இதை எப்படிப் புரியவைப்பது?

அந்தக் காலத்துல அப்படித்தான் எடுப்பாங்க. இன்னைக்கு அளவுகோலை வெச்சு அளக்கறது நியாயமா?

இது நியாயமான கேள்வி, ஆனால் ‘அந்தக் காலம்’ என்றால் யாருடைய அந்தக் காலம்? மேலே சொன்ன இந்திய அரசின் மறுப்பு, படம் வெளிவருவதற்கு முன்பே நடந்தது. வந்த பிறகு இங்கே தணிக்கை தற்காலிகத் தடையும் போட்டது. இன்னும் பின்னால் போனால், 1938இல் ‘த டிரம்’ என்ற பிரிட்டிஷ் சாகசப் படத்தை எதிர்த்து பம்பாயிலும் சென்னையிலும் ஆர்ப்பாட்டம் நடந்தது. மைசூர்ப் பக்கத்திலிருந்து போய் உலகப்புகழ் பெற்ற சாபுதான் அதில் இளவரசன், அப்படியும் எதிர்த்தார்கள். புண்பட்டவர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்கும் இடத்தில் எடுத்தவர்கள் இல்லை.

காலத்தின் கட்டுப்பாடு என்று உண்மையிலேயே ஒன்று இருந்தது, மறுக்கவில்லை. 1934 முதல் கறாராக அமலான ஹாலிவுட் ஒழுக்க விதிகள் வெள்ளையர், கறுப்பர் காதலைத் திரையில் தடைசெய்தன. அதன் நிழல் ஆசிய நடிகர்கள் மேலும் விழுந்தது. அந்த ஆண்டுகளின் படத்தைப் பார்க்கும்போது இதைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். 1984க்கு இந்தச் சலுகை கிடையாது.

அப்ப டைரக்டர் இனவெறியர்னு சொல்றீங்களா?

இல்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்கெதற்கு? லூகாஸும் ஸ்பீல்பெர்க்கும் சின்ன வயதில் பார்த்து மகிழ்ந்த, பகுதி பகுதியாக வந்த பழைய தொடர்ப் படங்களைப் புதுப்பிக்க ஆசைப்பட்டார்கள். பழைய பெட்டியைத் திறந்தால் நல்ல சாமானோடு பூச்சியும் வரும்.

சார்ட் ரவுண்ட் பாத்திரம் நல்லதா, கெட்டதா? எனக்கு முடிவே பண்ண முடியல.

எனக்கும்தான். உடைந்த ஆங்கிலம் பேசும் ஆசியச் சிறுவன், வெள்ளைக்கார நாயகனுக்கு எடுபிடி. எழுத்தில் பார்த்தால் பழைய அச்சுதான். ஆனால் மூன்று பத்தித் தாளை எடுங்கள். பெயர் உண்டு. முடிவு? மயக்கத்தில் மோலா ராமின் ஆளாகிவிட்ட ஜோன்ஸைத் தீப்பந்தத்தால் சுட்டுத் தெளியவைப்பவன் இவன்தான். பிறகு ராஜா பையனையும் அதே வழியில் தெளியவைக்கிறான். இவன் இல்லாவிட்டால் நாயகன் கதை அத்தோடு சரி.

நடித்த கே ஹுய் குவான் சைகோனில் பிறந்து, அகதியாக அமெரிக்கா வந்த சிறுவன். பெரியவனானதும் ஆசிய முகத்துக்குச் சரியான வேடமே இல்லாமல் நடிப்பை விட்டு நெடுங்காலம் கேமராவுக்குப் பின்னால் வேலை பார்த்தார். திரும்பி வந்து 2023இல் ஆஸ்கர் வாங்கினார். அதே மேடையில் அன்று சிறந்த படத்துக்கான விருதை அறிவித்தவர் ஹாரிசன் ஃபோர்ட். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டதைப் பார்த்து எங்கள் கூட்டத்தில் கண்கலங்கியவர்கள் உண்டு. இடையில் போன அந்த ஆண்டுகளையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்த மாதிரி படங்களை வெட்டிடலாமே? இல்ல எச்சரிக்கை போட்டா போதுமா?

வெட்டுவது எனக்குப் பிடிக்காது. விருந்துக் காட்சியை வெட்டினால், அப்படி ஒன்று நடந்ததற்கான சாட்சியும் போய்விடும். டிஸ்னியின் ஓடிடி தளம் 2020 முதல் சில ஆண்டுகள் ‘ஸ்விஸ் ஃபேமிலி ராபின்சன்’ (1960) போன்ற படங்களின் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பைப் போட்டுவந்தது: இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்று. போடாமல் இருப்பதற்குப் போடுவது மேல். ஆனால் எந்தக் காட்சி, ஏன் தவறு என்று அந்த அட்டை சொன்னதில்லை. பிள்ளைகளோடு பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நம்ம படத்துல மட்டும் என்ன வாழுதாம்?

ஒன்றும் வாழவில்லை. காட்டுக்குள் போகும் தமிழ் நாயகனைச் சுற்றி, இலைதழை கட்டிக்கொண்டு, புரியாத ஓசையில் கத்திக்கொண்டு ஆடும் ‘மலைவாசிகளை’ எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! அது எந்த மலை, என்ன மொழி என்று கேட்டோமா? சிங்களத்தைப் பற்றி மேலே சொன்னதை அப்படியே இதற்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, கடைசியா ஒரு மார்க் சொல்லுங்க.

மொத்தமாக ஒரு மார்க் போட மாட்டேன், காட்சிவாரியாகச் சொல்கிறேன். விருந்துக்குப் பூஜ்யம். இறுதியில் பாலத்தருகே பிரிட்டிஷ் இந்தியப் படை வந்து துப்பாக்கியோடு காப்பாற்றுவதற்கும் பூஜ்யம். 1935இல் அந்தப் படை இந்தியாவில் எதற்காக இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை போலிருக்கிறது. கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகாமல் ஊருக்கே திருப்பிக் கொடுப்பதற்கு நல்ல மார்க். அங்கே போனால் இன்னொரு கல்லாகத்தான் கிடக்கும் என்று ஜோன்ஸே சொல்கிறார்.

முழு மார்க் ஒரே இடத்துக்கு. படத்தின் தொடக்கத்தில், பஞ்சத்தில் கிடக்கும் அந்தக் கிராமத்தார் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். வில்லி இலையைத் தள்ளப் பார்க்கிறாள். இது இவர்கள் ஒரு வாரம் சாப்பிடுவதைவிட அதிகம், பட்டினியாகக் கிடக்கிறார்கள், சாப்பிடு என்கிறார் ஜோன்ஸ். அவரும் கையால் எடுத்துச் சாப்பிடுகிறார். அந்த அரை நிமிடம் கேமரா கிராமத்துப் பெண்களின் முகத்தையும் பார்க்கிறது.